தார்ப்பாயில் ஒரு தண்ணீர்ச் சறுக்கு: வீட்டுக்குப் பின்னாலேயே போடலாம்

மே மாதம் சேலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், கோடை விழா சமயத்தில் அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியாகத்தான் நிற்கும். வீட்டுக்குப் பின்னால் 40 அடி நீளத்துக்கு மண் தரை இருந்தால் போதும், சறுக்கு போட்டுவிடலாம். சிமெண்ட் வாசல், மொட்டை மாடி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எல்லோரும் முதலில் தார்ப்பாய் வாங்கத்தான் ஓடுவார்கள். அது அப்புறம். வேலை முழுக்கத் தரையில்தான் இருக்கிறது. கண்ணங்குறிச்சி மாதிரி மலையடியில் வீடு இருந்தால் நிலமே கொஞ்சம் சரிந்திருக்கலாம். 10 அடிக்கு 1 அடி இறக்கம் தாராளம், அதற்கு மேல் போனால் வேகம் கையை மீறிவிடும். சமதரையானாலும் பரவாயில்லை, தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மண்வெட்டியால் மேடு பள்ளத்தைச் செதுக்கிவிட்டு, கல், ஓட்டுச் சில்லு, கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள், வெட்டின செடியின் கட்டை எல்லாவற்றையும் எடுங்கள். கூட்டிப் பெருக்கினால் மட்டும் போதாது, குனிந்து உட்கார்ந்து கையுறை போட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாய்க்கு அடியில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் சறுக்கி வருகிற பிள்ளையின் இடுப்பெலும்புதான் அதைக் கண்டுபிடிக்கும். பிறகு சலித்த மணலோ தேங்காய் நார்த்தூளோ 2 அங்குலத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து அமுக்குங்கள்.

சறுக்கு முடிகிற இடத்துக்கு அப்பால் குறைந்தது 10 அடி காலியாக இருக்கட்டும். சுவர், தென்னை மரம், துவைக்கிற கல் எதுவும் எதிரில் வரக்கூடாது. அங்கே குழி தோண்டித் தண்ணீர் தேக்கும் ஆசையும் வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு அரையடித் தண்ணீரே ஆபத்து. ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். குடிக்க வருகிற மேட்டூர்த் தண்ணீரை இதற்குத் திறந்துவிட எனக்கு மனசு வராது. போர் தண்ணீர் போதும்.

இப்போது பாய். 30 அடிக்கு 12 அடி, 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்கிற கணக்கு) குறையாமல், வழவழப்பானதாக, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். கறுப்பு வெயிலில் கொதிக்கும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் கிடைத்தால் அதுவும் நன்றாக வழுக்கும், முகம் இருக்கிற பக்கத்தைக் கீழே போட்டுவிடுங்கள், அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு ஓரத்திலும் பழைய சாக்கைச் சுருட்டி வைத்து, அதன் மேல் பாயை ஏற்றி, வெளிப்பக்கம் அரையடிப் பள்ளம் வெட்டி ஓரத்தைப் புதைத்து மிதித்துவிட்டால் பாய் நகராது, பிள்ளைகளும் பக்கவாட்டில் போய் விழமாட்டார்கள். இரும்பு முளை, செங்கல் எதையும் ஓரத்தில் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு முக்கால் அங்குல பிவிசி குழாய். ஒரு முனையை மூடி போட்டு அடைத்து, நாலு விரல் இடைவெளியில் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு, பாயின் தலைமாட்டில் குறுக்கே வைத்து ஹோஸை மாட்டுங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே போதும். மோட்டார் ஒயரை ஈரத்துப் பக்கம் இழுத்து வராதீர்கள். வழுக்கல் பத்தவில்லையா? செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பையோ சோற்றுக்கற்றாழைச் சாற்றையோ ஊற்றுங்கள். சோப்பு கண்ணில் எரியும், செடிக்கும் ஆகாது.

யார் சறுக்கலாம் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். அமெரிக்காவில் வாம்-ஓ நிறுவனம் 1961-ல் விற்க ஆரம்பித்த பிளாஸ்டிக் தண்ணீர்ச் சறுக்கைப் பெரியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1993-ல் எச்சரித்தது. காரணம், கனமான உடம்பு பாய்ந்து விழுந்ததும் சட்டென்று நின்றுபோய், மொத்த விசையும் கழுத்தில் இறங்கி, சிலருக்குக் கைகால் செயலிழந்தது. அதனால் மாமா, சித்தப்பா எல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பிள்ளைகளும் உட்கார்ந்து, கால் முன்னால் நீட்டி, ஒருவர் எழுந்து விலகிய பிறகுதான் அடுத்தவர். காலை 10 மணிக்குள், இல்லை 4 மணிக்கு மேல்.

ஆட்டம் முடிந்ததும் பாயைக் கழுவி, நிழலில் காயவைத்து, மடிக்காமல் உருட்டி வையுங்கள். விரித்தபடியே விட்டால் அடி ஈரத்துக்குப் பூரானும் தேளும் வந்து சேரும், மறுநாள் தூக்கி உதறாமல் யாரையும் ஏறவிடாதீர்கள்.