பழைய காம்பாக்ட் எஸ்யூவியை மலையேற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

சேலத்தில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிற பலர் ஐந்து ரோட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு, பைபாஸில் கொஞ்சம் வேகம் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பிரெஸ்ஸாவோ நெக்ஸானோ வென்யூவோ, சமதளத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நம் ஊர் வண்டிகளில் பல ஏற்காடு ஏறி இறங்கியவை. அந்தத் தேய்மானம் மலையில்தான் தெரியும்.

விற்பவரிடம் சொல்லிவிட்டு ஒரு வார நாளில் கோரிமேடு வழியாக அடிவாரம் போங்கள். சனி, ஞாயிறு என்றால் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜினில் பல சத்தங்கள் ஒளிந்துகொள்ளும்.

ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முதல் சில வளைவுகளே போதும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்புறம் ஏற்றத்திலேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, திரும்பக் கிளப்புங்கள். வண்டி உதறினாலும் கிளட்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். மலையில் அரை கிளட்சிலேயே நிற்கும் பழக்கம் உள்ளவர் ஓட்டிய வண்டியில் 40,000 கிலோமீட்டருக்குள்ளேயே கிளட்ச் காலியாகியிருக்கலாம். மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

இறங்கும்போது பிரேக் பெடல் காலில் அதிர்ந்தால் முன் டிஸ்க் கோணியிருக்கலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது கடகடத்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். இதற்காகவெல்லாம் நல்ல வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இல்லாத குறையைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் இழுவை குறைந்து திணறுவது இயல்பு. அதை இன்ஜின் பழுது என்று நினைத்து நல்ல வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள்.

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயரில் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற தவறு. 2013இல் வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது உலர் வகை, அதாவது எண்ணெயில் குளிராத, இரட்டை கிளட்ச் (டிசிடி). அந்த வகை கியர்பாக்ஸைப் பற்றி உதறல், சூடேறுதல் என்று பல நாடுகளில் புகார்கள் எழுந்தன. 2017இல் வடிவம் மாற்றி வந்த வண்டியில் கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. பெயர் ஒன்று, ஆண்டைப் பொறுத்துக் கியர்பாக்ஸ் வேறு. வென்யூ, சோனெட்டின் 1.0 டர்போ டிசிடியும் உலர் கிளட்ச்தான். வளைவுகளில் ஊர்ந்து ஏறும்போது சூடேறி எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, கியர் விழத் தயங்குகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். அடிக்கடி மலை ஏறுபவர் என்றால் நான் டார்க் கன்வெர்ட்டர் அல்லது மேனுவலைத்தான் சொல்வேன். எக்கோஸ்போர்ட் விஷயத்தில் இன்னொன்று. ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்தது. உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகிறது என்று உங்கள் மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசல் வாங்குபவர்கள் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகை கட்டுப்பாட்டு விதியை மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வந்த டீசல் எஸ்யூவிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய, வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். அஸ்தம்பட்டிக்கும் சூரமங்கலத்துக்கும் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பெங்களூரு போய்வருபவருக்குக் கவலையில்லை. டவுனுக்குள்ளேயே ஓட்டுபவருக்குப் பெட்ரோல் போதும்.

சன்ரூஃப் இருந்தால் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். வடிகால் குழாய் அடைத்திருந்தால் ஈரமும் பூஞ்சை வாடையும் இருக்கும். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கேஏ எண் (கர்நாடகப் பதிவு) வண்டிகள் இங்கே நிறைய விலைக்கு வருகின்றன. விலை குறைவு என்று பாய்ந்து வாங்காதீர்கள். அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசி, கடன் பதிவை நீக்கும் படிவம் 35 இரண்டும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். அபராதப் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்தத் தள்ளுபடிக்கான தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.