துணைவியார் செய்தியைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

நாளிதழ் ஒன்றில் 22 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவள் நான். பிறர் எழுதியதை வெட்டுவதுதான் வேலை. வைக்க வேண்டியதை நானே வெட்டிய நாளும் உண்டு. தலைவர் ஒருவரின் மனைவி, குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் இறப்பைப் பற்றி 20 நிமிடம் பேசியிருந்தார். பக்கத்தில் இடமில்லை. பேச்சை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்தேன். “இளநீல உடையில் எளிமையாக வந்த துணைவியார்” என்று படக்குறிப்பும் எழுதினேன். மறுநாள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தலைவர்களின் மனைவியரைப் பற்றிய செய்திகளைப் படிக்க, அதன் பிறகு பழகிக்கொண்ட முறை இது. பென்சிலை எடுத்து, அந்த மனைவி என்ன செய்தார் என்று சொல்லும் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். வந்தார், உடன் நின்றார், புன்னகைத்தார், கண்கலங்கினார்: இவ்வளவுதான் தேறுகிறது என்றால் அந்தச் செய்தியில் அவர் பூச்சாடி. நியமித்தார், பெற்றார், மறுத்தார், கையெழுத்திட்டார் என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். மூன்றாவது வகையிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: “ஆட்டிவைக்கிறாராம்”, “முடிவெடுப்பதே அவர்தானாம்.” இந்த ‘ஆம்’ ஒட்டிக்கொண்டால் சொன்னவர் காணாமல் போய்விடுவார். அதை அடித்துவிட்டு அங்கே ஓர் ஆளின் பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பத்தியை நம்ப வேண்டியதில்லை.

அவரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கணவருக்குக் காலம் நன்றாக இருக்கும்வரை ‘துணைவியார்’; வழக்கு என்று வந்தால் ‘மனைவி’.

அடுத்து ஆளை மாற்றிப் பாருங்கள். 2005-ல் அங்கெலா மெர்க்கல் ஜெர்மனியின் சான்சலராக (பிரதமருக்கு இணையான பதவி) பதவியேற்றபோது, வேதியியல் பேராசிரியரான அவருடைய கணவர் யோவாகிம் சாவர் விழாவுக்கே வரவில்லை. கூச்ச சுபாவம், ஆய்வுதான் பெரிது என்று அதற்குக் காரணம் சொல்ல ஆள் இருந்தது. ஒரு தலைவரின் மனைவி வராமல் இருந்திருந்தால் “குடும்பத்தில் விரிசலா?” என்ற தலைப்பைப் போட எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்போது முக்கியமான வேலை. எந்தக் கேள்வி காணாமல் போயிற்று என்று தேடுங்கள். 1992 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில், வேட்பாளர் பில் கிளிண்டனின் மனைவி ஹிலாரி கிளிண்டனிடம் ஒரு நியாயமான சந்தேகம் எழுப்பப்பட்டது: கணவர் ஆர்கன்சா மாநில ஆளுநராக இருக்கையில், மனைவி பங்குதாரராக இருந்த சட்ட நிறுவனம் மாநில அரசோடு வைத்திருந்த தொடர்பு சரியா? வீட்டில் பிஸ்கட் சுட்டுத் தேநீர் விருந்து நடத்திக்கொண்டிருந்திருக்கலாம், தொழிலைத் தொடர முடிவெடுத்தேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான், பிஸ்கட் செய்தியாகிவிட்டது. ஒரு பெண்கள் இதழ் அவருடைய செய்முறையையும் அப்போதைய அதிபரின் மனைவி பார்பரா புஷ்ஷின் செய்முறையையும் அச்சிட்டு வாசகர்களை வாக்களிக்கச் சொன்னது. ஹிலாரி வென்றார். சட்ட நிறுவனத்தைப் பற்றிய கேள்வியோ பலருக்கும் மறந்துபோனது. அந்தக் கூத்தில் அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயமும் உண்டு, அவருக்குக் கிடைத்த சலுகையும் உண்டு.

பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த மார்கோஸின் மனைவி இமெல்டா மார்கோஸ் என்றால் எல்லோருக்கும் 1986-ல் அரண்மனையில் கிடைத்த காலணிகள் நினைவுக்கு வரும். கணவரின் நியமனத்தால் 1975 முதல் தலைநகர்ப் பகுதியான மெட்ரோ மணிலாவின் ஆளுநராக இருந்தவர் அவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? காலணியை எண்ணுவது எளிது; நியமன ஆணையைத் தேடி எடுப்பது சிரமம். பதவியோ பொதுப்பணமோ இருக்கும் இடத்தில் பத்திரிகை குடைந்து குடைந்து கேட்கத்தான் வேண்டும். மனைவி என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

எழுதியவர் பெண் என்றால் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்தப் படக்குறிப்பை எழுதியவளும் பெண்தான். அதை இந்தப் பென்சிலால் சோதித்துப் பார்த்தேன். அவர் பெயர் எங்கும் இல்லை. வினை ஒன்றே ஒன்று, ‘வந்த’. அதுவும் பெயரெச்சம்.