ஜூலையில் பெரிய ப்ளூகில் எங்கே போகிறது?

மே, ஜூன் மாதங்களில் கரையில் நின்று தூண்டில் போட்டாலே உள்ளங்கையை விட அகலமான ப்ளூகில் என்ற நன்னீர் மீன் மாட்டியிருக்கும். ஜூலையில் அதே இடம், அதே மண்புழு, ஆனால் பொடி மீன்கள்தான் வந்து கொத்தும். அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநில ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பழகிப்போன ஏமாற்றம் இது. பெரிய மீன்கள் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டன. நாம்தான் மாறவில்லை.

நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சமயத்தில் ஆண் மீன்கள் ஆழமில்லாத இடத்தில் வாலால் அடித்து வட்டக் குழிகள் பறித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். அந்த வேலை முடிந்ததும் காலிக் குழிகளைச் சுற்றி வருவதில் பலனில்லை. பாஸ் போன்ற மீன்களுக்கு இரையாகிவிடும் பயத்தில் சின்ன ப்ளூகில்கள் கரையோரச் செடிகளுக்குள்ளேயே இருந்துவிடும். பெரியவற்றை விழுங்குவது எளிதல்ல. அதனால் அவை துணிந்து வெளியே போய், நடு ஏரியில் மிதக்கும் டாஃப்னியா போன்ற மிகச் சிறிய நீர்ப்பிராணிகளைத் தின்னும். செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில் முதலில் தேடுங்கள், அப்புறம் அதையும் தாண்டிப் போங்கள்.

ஆழத்துக்குப் போனவர்கள் செய்யும் அடுத்த தவறு, இரையைத் தரை வரை இறக்கிவிடுவது. பலரும் இதில்தான் நாளையே இழக்கிறார்கள். கோடையில் ஏரி நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர். இரண்டும் கலக்காததால், சத்து மிகுந்த ஏரிகளில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பத்து மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மீன்கள் நாலு மீட்டரில் அந்தரத்தில் நிற்கலாம். இதற்கு நழுவும் தக்கைதான் சரி. தூண்டில் நரம்பு தக்கையின் நடுவே ஓடும், மேலே போட்ட ஒரு சின்ன முடிச்சு ஆழத்தைத் தீர்மானிக்கும். இரண்டு மீட்டரில் தொடங்கி அரை அரை மீட்டராக இறக்கிப் பாருங்கள். ஒரு மீன் கடித்த ஆழத்தை மறக்காதீர்கள்.

தூண்டில் முள் விஷயம் சுலபம். மீன் பெரிதானாலும் வாய் சின்னதுதான். 8 அல்லது 10 எண் முள், நாலு பவுண்டு தாங்கும் நரம்பு, புழுவில் ஒரு துண்டு போதும். முழுப் புழுவைக் கோத்தால் நுனியைக் கடித்துக்கொண்டு போய்விடும். குண்டுத் தக்கையும் வேண்டாம், ஒல்லியானதே மெல்லிய கடியைக் காட்டும்.

பிடித்த பெரிய மீன்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கூடு காக்கும் பெரிய ஆண்கள் குறைந்தால், சின்ன ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். சில ஆண்டுகளில் ஏரி முழுக்கப் பொடி மீன்தான். மினசோட்டா சில ஏரிகளில் ஒரு நாளைக்கு ஐந்து அல்லது பத்து மீன் என்று வரம்பைக் குறைத்ததற்கும் இந்தக் கவலைதான் காரணம். வடக்கு ஏரிகளில் இருபது சென்டிமீட்டர் வளரவே பல ஆண்டுகள் பிடிக்கும். வறுக்கப் பதினைந்து, பதினெட்டு சென்டிமீட்டர் மீன் தாராளமாகப் போதும். பெரியதைக் கையை நனைத்துப் பிடித்து, முதுகு முட்களைத் தலைப்பக்கமிருந்து தடவி மடக்கி, தூண்டில் முள்ளைக் கழற்றி உடனே நீரில் விட்டுவிடுங்கள்.