மதிய நெஞ்செரிச்சலுக்கு நான் கண்ட வழி
அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் தினமும் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் நெஞ்செரிச்சலோடு மேசையில் சாய்ந்துகொண்டிருந்த நான், 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்துக்கு மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டேன். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். டோக்கனைக் கொடுத்துத் தட்டை நீட்டினால் இரண்டு நிமிடத்தில் சாப்பாடு கைக்கு வந்துவிடும். முதல் வாரம் நாலரை மணிக்கே பசித்தது. வெறும் சோற்றோடு நிறுத்திக்கொண்டதே காரணம் என்று புரிந்ததும், வேகவைத்த கொண்டைக்கடலையையும் நறுக்கிய வெள்ளரிக்காயையும் சிறிய டப்பாவில் எடுத்துச் செல்லத் தொடங்கினேன் (முதல் நாள் இரவு ஊறப்போட மறந்தால் வேர்க்கடலைதான்). ஒரு மணிக்கு வரிசை நீளும் என்பதால் 12.15க்கே போய்விடுகிறேன், ஜெலுசில் பாட்டில் இழுப்பறையில் தூசி படிந்து கிடக்கிறது.