யாழ்ப்பாணத்தில் வைனும் சாப்பாடும்: வழமையாக விடும் பிழைகள்

நாள் பார்க்காமல் இடம் பார்ப்பதுதான் முதல் பிழை. பூரணை நாளான போயா தினத்தில் மதுபான விற்பனைக்கு நாடு முழுவதும் தடை, ஹோட்டல் பாரிலும் ஊற்ற மாட்டார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தங்கள் வந்து நிற்கும் ஓகஸ்டில்தான் இப்படி வெளியே போகும் எண்ணம் கூடுதலாக வரும். நல்லூர்த் திருவிழாவும் அநேகமாக அப்போதுதான். அந்த 25 நாட்களுக்குள் கட்டாயம் ஒரு பூரணை விழும். பல வீடுகளில் மச்சமே சமைக்க மாட்டார்கள். கூப்பிட்ட மரியாதைக்கு ‘வாறன்’ என்று சொன்ன சிநேகிதர் சோடாவும் கையுமாக இருப்பார். வெள்ளிக்கிழமையும் அநேகமாக இதே கதைதான். தீர்த்தம் முடியட்டும், ஒரு சனிக்கிழமை பாருங்கள்.

அடுத்தது, வைனைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தேடுவது. இங்கே மேசைக்கு வரப்போவது என்ன? டெவல் கணவாய், இறால் பொரியல், நண்டுக் கறி. ஷிராஸ், கெபர்னே சோவினியோன் போன்ற கனமான சிவப்பு வைனில் துவர்ப்பைத் தரும் டானின் அதிகம், அல்கஹோலும் 14 சதவீதம் வரை போகும். அல்கஹோல் மிளகாயின் எரிவை இன்னும் ஏற்றிவிடும். போதாக்குறைக்கு, சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீனோடு சேரும்போது வாயில் வெடுக்கு நிற்கும். பழி பாவம் சமையல்காரர் மேல் விழும்.

யாழ்ப்பாணத் தூள் போட்ட கறிக்கு இலேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் நன்றாகப் போகும். இல்லாவிட்டால் ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன். புளிப்புத் தூக்கலான வெள்ளை வைன் சோவினியோன் பிளாங்க் மட்டும்தான் இருக்கிறதா? சரி, சாப்பாட்டை மாற்றுங்கள்: உப்பும் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் மட்டும் போட்டு வாட்டிய மீன். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்பவர்கள் துவர்ப்புக் குறைந்த மெர்லோ பக்கம் போகலாம். ஒடியல் கூழுக்கு எந்த வைனும் வேண்டாம் என்பது என் கட்சி.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த ஊர் அறை என்று கேளுங்கள். அதற்கு 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவானது. நமது ஊர் மொட்டைமாடியில் இரவு எட்டு மணிக்கும் 28 பாகை இருக்கும், அந்தச் சூட்டில் நல்ல வைனும் இருமல் பாணி மாதிரித்தான். வெட்கப்படாமல் வாளி கேளுங்கள். வெறும் ஐஸ்கட்டி போட்டால் போத்தலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும். தண்ணீரும் கலந்தால் போத்தலைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். சிவப்புக்குப் பத்து நிமிடம் போதும். வெள்ளை வைன் இன்னும் குளிர்ந்து, 8 அல்லது 10 பாகைக்கு வரவேண்டும். கிளாஸுக்குள்ளேயே ஐஸ் போடலாமா? உங்கள் காசு, போடுங்கள்.

போத்தலைத் திறந்தவர் கொஞ்சம் ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பார். பிடித்திருக்கிறதா என்பதல்ல அவர் கேட்பது, பழுதாகியிருக்கிறதா என்பதுதான். மணந்து பாருங்கள். நனைந்த கார்ட்போர்ட் மட்டை மணமோ வினாகிரி மணமோ வந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம். திருகு மூடியைக் கண்டு மலிவு வைன் என்று முகம் சுளிக்கவும் வேண்டாம், நியூசிலாந்து வைன்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. கிளாஸ் கணக்கில் வாங்குபவர்கள் போத்தல் எப்போது திறந்தது என்று கேட்க வேண்டும். பியரும் சாராயமும் ஓடுகிற பாரில் வைன் மெதுவாகத்தான் போகும், திறந்து மூன்று நாள் கடந்த வெள்ளை வைனில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நான்கு பேர் என்றால் போத்தலே நல்லது. 750 மில்லிலீற்றரில் ஐந்து கிளாஸ் வரும்.

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி (VAT) என்று ஏறினால் 3,000 ரூபாய் 3,894 ஆகும். பில்லைப் பிரிக்கும்போது தேசிக்காய் ஜூஸ் குடித்தவரிடம் சம பங்கு கேட்காதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். ஓட்டோக்காரரின் இலக்கத்தை இறங்கும்போதே வாங்கி, திரும்பி வரவேண்டிய நேரத்தையும் சொல்லி வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வீதியில் நின்று கை காட்டினால் நாய்தான் திரும்பிப் பார்க்கும்.