லாக் உடையாமல் ஃபேரிங்கைக் கழற்றி மாட்டும் முறை

யமஹா ஆர்15, பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200, கேடிஎம் ஆர்சி வரிசை, ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற, முழு ஃபேரிங் (பைக்கின் முன்பகுதியையும் பக்கங்களையும் மூடும் பிளாஸ்டிக் உறை) கொண்ட வண்டிகளில் ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்த சேற்றைக் கழுவவோ, கூலண்டை மாற்றவோ, ஸ்பார்க் பிளக்கை எடுக்கவோ பக்கப் பேனல்களைப் பெரும்பாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றுவதில் யாருக்கும் சிரமமில்லை. பேனலின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பிளாஸ்டிக் நாக்குகளும் கொக்கிகளும், அதாவது பட்டறைகளில் 'லாக்' என்று சொல்லப்படுபவைதான், உடைகின்றன. லாக்கை மட்டும் தனியாக எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முழுப் பேனலைத்தான் வாங்க வேண்டும். ஒரு லாக் போனால் பேனல் உடனே விழுந்துவிடாது என்றாலும், அதன் சுமையும் அதிர்வும் பக்கத்து லாக்குகளின் மேல் இறங்கி, நாளடைவில் அவற்றையும் உடைக்கும்.

ஒவ்வொரு லாக்கும் ஒரு திசையில் வழுகி வெளியே வருவதற்கும், மற்ற திசைகளில் இறுகப் பிடிப்பதற்கும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பேனல் வர மறுக்கிறது என்றால், ஏதோ ஒரு போல்ட் இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது, அல்லது தவறான திசையில் இழுக்கிறோம் என்று பொருள். இவ்விரண்டில் எது என்று தெரியும் வரை கையின் பலத்தைக் கூட்டக் கூடாது. சந்து தெரியும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் பிடித்திருக்கும் இடம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். தட்டையான திருப்புளியை விட்டு நெம்புவது பெயிண்டையும் கெடுக்கும், லாக்கையும் முறிக்கும்; நெம்பித்தான் ஆக வேண்டுமென்றால் கார் உட்புற வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பயன்படுத்துங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கி) நேராக நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். பிளாஸ்டிக்கின் சூடு வேறு விஷயம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து எளிதில் முறியும். ஊட்டியின் மார்கழிக் காலையில் பேனலைத் தொடுவதைவிட வெயில் ஏறிய பிறகு தொடுவது நல்லது. அவசரமென்றால் தலைமுடி உலர்த்தும் டிரையரால் லாக் இருக்கும் பகுதியை, கை தாங்கும் சூடு வரும் வரை மட்டும், சூடாக்கலாம். பல ஆண்டுகள் வெயிலில் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை கொண்டதாக மாறியிருக்கும். அதனிடம் இரட்டிப்புப் பொறுமை வேண்டும்.

கருவிகளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உருண்டைத் தலை கொண்ட எம்6 போல்ட்டுக்கு 4 மி.மீ. ஆலன் கீயும், எம்5 போல்ட்டுக்கு 3 மி.மீ. ஆலன் கீயும் பொருந்தும். முனை தேய்ந்த கீயால் திருகினால் போல்ட்டின் குழி வழுக்கிவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தொழில் தர அளவைப் பின்பற்றுபவை என்பதால், சாதாரண ஸ்டார் திருப்புளி அவற்றில் ஆழமாக உட்காராமல் மேலேறி வழுக்கும்.

பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு வகை உண்டு. நடுவில் உள்ள ஊசியை மெல்லிய முனையால் உள்ளே அழுத்தினால் பிடி தளர்ந்து மொத்தமாக வெளியே வருவது ஒரு வகை. நடு ஊசியின் தலையை நிமிர்த்தி வெளியே இழுக்க வேண்டியது மற்றொன்று. முதல் வகையை இழுத்தாலும் இரண்டாம் வகையை அழுத்தினாலும் கெட்டுப்போகும் என்பதால், தலையை உற்றுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அழுத்தும் வகையில் ஊசி 'டிக்' என்று ஒரு படி இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் குத்தினால் அது உள்ளே விழுந்து காணாமல் போகும்.

போல்ட்டும் கிளிப்பும் அகன்ற பிறகு பேனலைத் தாங்குபவை இரண்டு. ஒன்று, ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்ட பிளாஸ்டிக் முளை. இதை நேர்க்கோட்டில் மட்டுமே இழுக்க வேண்டும். பேனலின் ஓரத்தைப் பிடித்துக் கதவு திறப்பதுபோல் விரித்தால் முளை அடியோடு முறியும். எனவே முளைக்கு மிக அருகில் இரு கைகளாலும் பிடித்து, சற்றே ஆட்டியபடி நேராக வெளியே எடுங்கள். ரப்பர் காய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலைக் கிட்டே கொண்டுவர வேண்டாம். அது ரப்பரை உப்ப வைக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் தாக்கும். மற்றொன்று, ஒரு பேனலின் நாக்கு இன்னொரு பேனலின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், வழுகி நிற்கும் அமைப்பு. இதை முன்னுக்கோ பின்னுக்கோ சில மில்லிமீட்டர் நகர்த்தினால் தானாக விடும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள அம்புக்குறிப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கை வைப்பது மேல்.

பேனல் விட்டதும் உற்சாகத்தில் சட்டென்று இழுத்துவிடாதீர்கள். இண்டிகேட்டர் வயர் இன்னும் உள்ளே மாட்டியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் கொக்கியை அழுத்தியபடி அதன் உடலைப் பிடித்துப் பிரியுங்கள். கழற்றிய பேனலைப் பெயிண்ட் பக்கம் மேலே இருக்குமாறு போர்வையின் மேல் வைத்தால் அதன் எடை லாக்குகளின் மேல் விழும். அதனால் பேனலைச் சுவரில் சாய்த்தோ பெயிண்ட் பக்கம் கீழாகவோ வைப்பதே சரி.

போல்ட்டுகளைக் கிண்ணத்தில் மொத்தமாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு அட்டையில் பேனலின் உருவத்தைக் கோடாக வரைந்து, எந்த இடத்தில் எடுத்த போல்ட்டை அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒரே தடிமனில் நீளம் மட்டும் வேறுபடும் போல்ட்டுகள் ஃபேரிங்கில் உண்டு. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டால் உள்ளே வயரையோ ரேடியேட்டரையோ போய் முட்டலாம். தொப்பி வடிவ உலோகக் காலர்கள் ரப்பர் புஷ்ஷிலிருந்து தானாகக் கழன்று விழும். அவற்றையும் அதே போல்ட்டோடு கோத்து வைக்க வேண்டும்.

லாக் உடைவது கழற்றும்போது தெரியவந்தாலும், அதற்கான காரணம் முந்தைய முறை மாட்டிய விதத்திலேயே பலமுறை இருக்கிறது என்பது என் கருத்து. காலர் இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் இறுக்கம் முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தோன்றும். காலர் இருந்தால் போல்ட் உலோகத்தின் மேல் உட்கார்ந்து நின்றுவிடும், பிளாஸ்டிக் நசுங்காது. பெயிண்ட் கடைக்குப் போய்வந்த பேனல்களில் காலர்களும் ரப்பர்களும் காணாமல் போயிருப்பது சகஜம். மாட்டும் முன் எண்ணிப் பாருங்கள். நாக்கின் மேலும் காடியின் உள்ளேயும் படிந்த பெயிண்ட் பொருத்தத்தை இறுக்கிவிடும் என்பதால், அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

மாட்டும்போது முதலில் வயர் கனெக்டர், பிறகு காடி நாக்குகள், அதன் பின் ரப்பர் முளைகள், கடைசியாகப் போல்ட்டுகள் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். முளை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு நேர் மேலே உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் இரண்டு மூன்று மரை ஏற்றிய பிறகே எதையும் இறுக்கலாம். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் பேனலை இழுத்தால், அந்த இழுவிசை எப்போதும் லாக்கிலேயே தங்கிவிடும். வெளிச்சந்தைப் பேனல்களில் துளை சற்றுத் தள்ளி இருந்தால், போல்ட்டால் இழுத்துச் சேர்க்காமல் வட்ட அரத்தால் துளையை அகலப்படுத்துங்கள். இறுக்கும்போது ஆலன் கீயின் நீளக் காலைத் துளையில் விட்டுக் குட்டைக் காலைப் பிடித்துத் திருகினால், அளவுக்கு மீறிய பலம் கொடுக்கவே முடியாது. காற்றழுத்தத்தால் போல்ட்டை முறுக்கும் பட்டறைத் துப்பாக்கியை ஃபேரிங் பக்கம் அனுமதிக்கவே கூடாது. போல்ட் கழலாமல் இருக்க விடும் லாக்டைட் திரவமும் இங்கே ஆகாது. அது ஏபிஎஸ் மேல் பட்டால் விரிசல் விடச் செய்யும்.

மாட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எந்த கேபிளும் பேனலில் சிக்கவில்லை என்பதையும், இண்டிகேட்டர்கள் எரிவதையும் உறுதிசெய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு லாக் முறிந்தால் துண்டை எறிந்துவிடாதீர்கள். பேனலின் பின்புறத்தில் ஏபிஎஸ் அல்லது பிபி என்ற ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால், அதே வகைப் பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, முறிந்த இடத்தில் இருபுறமும் பூசி ஒட்டலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நாள் முழுதும் காய விட்டால்தான் கெட்டிப்படும். பிபி பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைக்காது. அதற்குப் பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். விரிசல் பேனலின் உடலுக்குள் ஓடியிருந்தால், அதன் நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு ஒட்டினால் விரிசல் மேலும் நீளாது.