போனை சைலன்ட்டில் போடும் முன்: கடலோர வீட்டுப் பிள்ளைகளுக்கு

செல்போன் மரியாதை என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் சொல்வது, "சாப்பிடும்போது அதைத் தூர வை." இளையவர்கள் சொல்வது, "ஒரு மெசேஜ் போட்டுட்டுக் கூப்பிடுங்க, ஸ்பீக்கர்ல போட்டு ஊருக்கே கேட்க வைக்காதீங்க." இரண்டும் நியாயம். ஆனால் பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் ஒருவர் கடலில் இருப்பார், இல்லையென்றால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அங்கே நடுராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும் போன் எடுத்தே ஆகவேண்டியதாக இருக்கலாம். எந்த அழைப்பை உள்ளே விடுவது என்று போனுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதில்தான் இங்கே மரியாதை தொடங்குகிறது.

ராத்திரி ஏற்பாடு

முழு சைலன்ட் வேண்டாம். செட்டிங்ஸில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்று இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் முக்கியமான நம்பர்களுக்கு ஸ்டார் போட்டுவிட்டு, ஸ்டார் போட்டவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் 'ஃபேவரிட்ஸ்' பட்டியலுக்கு அதே வசதி உண்டு.

பலரும் தவறுவது இங்கேதான்: அப்பா நம்பருக்கு மட்டும் ஸ்டார் போட்டு நிறுத்திவிடுவார்கள். அவர் போனில் உப்புத்தண்ணீர் பட்டிருந்தால், சார்ஜ் தீர்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்துதானே கூப்பிடுவார்? அதனால் அதே படகில் போகும் இன்னும் இரண்டு பேர், படகு உரிமையாளர், பக்கத்து வீடு என்று குறைந்தது ஐந்து நம்பர்களைச் சேருங்கள். தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் தப்பாமல் இருக்க, திரும்பத் திரும்ப அழைப்பவரை அனுமதிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டில் அதே நம்பர் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை அழைத்தால் மணி அடிக்கும். ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும். இதைக் கடலுக்குப் போகிறவரிடம் சொல்லியிருந்தால்தான் பலன்: "ஒரு தடவை எடுக்கலைன்னா உடனே மறுபடி அடிங்க." வாட்ஸ்அப் காலுக்கு இந்த ஏற்பாடு எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது, சாதாரண காலில் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் தம்பியை விட்டு ஒருமுறை அடிக்கச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கிற அந்த நாட்களிலும் இந்த ஏற்பாட்டை எடுத்துவிடாதீர்கள், நாட்டுப்படகுகள் போய்வந்துகொண்டுதான் இருக்கும்.

'தொடர்பு எல்லைக்கு வெளியே'

கரையை விட்டு விலக விலக சிக்னல் அறுந்துவிடும். இந்தக் குரலைக் கேட்டுப் பதறி இருபது தடவை அடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரே ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள், சிக்னல் வந்ததும் அவருக்குப் போய்ச் சேரும். படகில் இருப்பவர், சிக்னல் போனதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவது நல்லது. போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜை இறக்கிவிடும். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் அந்த நிலையிலும் வேலை செய்யும். கரை திரும்பும் நேரம் தாண்டிவிட்டால் முதலில் படகு உரிமையாளரிடமும் மீனவர் சங்கத்திலும் விசாரியுங்கள். ஆபத்து என்று தெரிந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஊர் திரும்பியதும் ஆட்டோமேட்டிக்கில் போட மறக்க வேண்டாம்.

கத்திப் பேசுகிறவரிடம்

போனில் கத்துகிறார் என்று அப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. வருஷக்கணக்காக டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது மந்தமாகியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கரையில் யாராக இருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். கண்டிப்பதை விட்டுவிட்டு அவர் போனின் கால் வால்யூமை முழுதாக ஏற்றிக் கொடுங்கள். மைக் உள்ள ஒயர் இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் லேசாக மறைத்துப் பேசினால் இரைச்சல் குறையும். பஸ்ஸில் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவரிடம்

நம் நேரத்துக்கு துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி பத்து என்றால் சிங்கப்பூரில் பன்னிரண்டரை, காலை ஷிப்டுக்காரர் அசந்து தூங்கும் நேரம். "காக்கா (அண்ணன்), பேசலாமா?" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். வாய்ஸ் நோட் முப்பது விநாடிக்குள் இருக்கட்டும், விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "ஒரு விஷயம், அப்புறம் கூப்பிடுங்க" என்று மட்டும் அனுப்பினால் அவர் டூட்டி முடியும் வரை தவித்துப்போவார். "உம்மா நல்லாயிருக்காங்க, பணம் பத்திப் பேசணும்" என்று போடுங்கள். வீடியோ காலில் முகம் தெரிந்ததும், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் கேமராவைத் திருப்பவே கூடாது.

பெரியவர்களுக்குக் கட்டைவிரல் படம் பதிலாகாது. "சரிங்க மாமா, நாளைக்கு வர்றேன்" என்று எழுத ஐந்து விநாடி போதும்.

குரூப்பில் போடும் முன்

இதில் மட்டும் கொஞ்சம் கறாராகவே இருங்கள். படகு பிடிபட்டது, கவிழ்ந்தது என்று செய்தி வந்ததும் பெயர்ப்பட்டியலும் படமும் குரூப்பில் பாய்ந்துவிடும். அதில் உள்ளவரின் மனைவி அந்தச் சேதியைப் போன் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி நடக்கவே கூடாது. வீட்டாருக்கு நேரில் ஆள் போய்ச் சொல்லியாயிற்றா என்று சங்கத்தில் கேளுங்கள். சொல்லாதவரை பெயர், படகு எண், படம் எதையும் அனுப்பாதீர்கள். இறந்தவரின் படத்தை எப்போதுமே அனுப்பாதீர்கள்.

புயல் செய்தி என்றால் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். தேதி இல்லாத குரல் பதிவு போன வருஷத்துப் புயலுடையதாக இருக்கலாம். வானிலை மையத்தின் அறிவிப்பையும் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேமரா

அக்னி தீர்த்தத்தில் ஈரத்துணியோடு கரையேறுகிறவர்கள், கடல்பாசி எடுத்துவிட்டு வரும் பெண்கள், ஏர்வாடி தர்காவில் நோயோடு தங்கியிருப்பவர்கள், இவர்கள் யாரும் உங்கள் ரீல்ஸுக்காக அங்கே வரவில்லை. ரீல்ஸ் எடுக்கும்போது பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள், முகம் விழுந்திருந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் செல்ஃபிக்காக வண்டியை நிறுத்தினால் பின்னால் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும்.

கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ராமநாதசுவாமி கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் போனைக் கொடுக்கும் முன் இரண்டு வேலை உண்டு. 22 தீர்த்தம் ஆடி முடித்து எந்த வாசலில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். கூட வரும் பாட்டியின் கையில் ஒரு நம்பரைப் பேனாவால் எழுதாதீர்கள், தீர்த்தத்தில் அழிந்துபோகும். சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிவிடுங்கள்.